மெக்டவல் கவுண்டி: ஒரு லட்சத்திலிருந்து பத்தொன்பதாயிரம். "மூடிவிடலாமே" என்பவர்களுக்கு

கேள்வி | 2025 மார்ச் 2

வெஸ்ட் வர்ஜீனியா வெள்ளச் செய்தி பார்த்தேன். மெக்டவல் கவுண்டியாம். 1950-ல் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருந்த இடம், இப்போது இருபதாயிரம்கூட இல்லை. நிலக்கரி போயிற்று, வேலை போயிற்று, இருக்கிற வீடுகளையும் தண்ணீர் கொண்டுபோகிறது. மீதிப் பேரையும் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு கவுண்டியையே மூடிவிட்டால் அரசுக்குச் செலவு மிச்சம்தானே? யாராவது அங்கே போயிருக்கிறீர்களா?

மார்ச் 2, இரவு

போயிருக்கிறேன். நான் இருப்பது வர்ஜீனியாவில், ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில். என் பெரியப்பா மகன் டாக்டர். மெக்டவலுக்கு அடுத்த மெர்சர் கவுண்டியில் வேலை பார்க்கிறார். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மலையைத் தாண்டி மெக்டவல் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

முதலில் எண்ணிக்கையை முழுசாகப் போடுகிறேன். இரண்டு முனையை மட்டும் பார்த்தால் நடந்தது புரியாது.

1880: 3,074
1900: 18,747
1920: 68,571
1950: 98,887
1960: 71,359
1970: 50,666
1980: 49,899
1990: 35,233
2000: 27,329
2020: 19,111

எழுபது வருஷம் ஏற்றம், எழுபது வருஷம் இறக்கம். 2020 எண்ணிக்கை 1900 எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதில் நான் எப்போதும் நின்று பார்ப்பது 1950-க்கும் 1960-க்கும் நடுவே. பத்து வருஷத்தில் இருபத்தேழாயிரம் பேர் காணாமல் போயிருக்கிறார்கள். அப்போது நிலக்கரி தீர்ந்துபோகவில்லை. சுரங்கத்துக்குள் இயந்திரம் வந்தது. வெட்டுவதையும் அள்ளுவதையும் ஒரே இயந்திரம் செய்ததால், பல பேர் பார்த்த வேலைக்குச் சிலரே போதுமென்று ஆயிற்று. சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் 1950 ஒப்பந்தத்தில் இயந்திரத்துக்குத் தடை சொல்லவில்லை. பதிலுக்கு, வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு என்று கம்பெனிகள் ஓய்வூதிய, மருத்துவ நிதியில் பணம் போட்டன. வேலையில் மிஞ்சியவர்களுக்கு அது நல்ல ஒப்பந்தம். வேலை போனவர்கள் டெட்ராய்ட், கிளீவ்லாண்ட் என்று வண்டி ஏறினார்கள். அதே சமயத்தில் ரயில்கள் டீசலுக்கும் வீடுகள் எண்ணெய், எரிவாயுவுக்கும் மாறிக்கொண்டிருந்தன.

ஆக, நீங்கள் சொல்லும் யோசனை புதிதல்ல. போக முடிந்தவர்கள் எழுபது வருஷமாகப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். ஐந்தில் நான்கு பங்கு மக்கள்தொகை போய்விட்டது. இப்போது நாம் பேசுவது மிச்சமிருக்கும் ஒரு பங்கைப் பற்றி.

மார்ச் 3

"கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பரப்பளவில் தாலுகா அளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள், சுமார் 535 சதுர மைல். ஆனால் கலெக்டர் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று கமிஷனர்கள், சொத்து மதிப்பிடுபவர், கிளார்க், அரசு வழக்கறிஞர், ஷெரிப். வெஸ்ட் வர்ஜீனியாவில் ஷெரிப்புக்கு இரண்டு வேலை. போலீஸ் அதிகாரியும் அவர்தான், வரி வசூலித்துக் கணக்கு வைப்பவரும் அவர்தான். பள்ளிக்கூடங்களைத் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி வாரியம் பார்க்கிறது. சாலைகள் கவுண்டியின் பொறுப்பில் இல்லை. 1932-ல் சொத்துவரிக்கு அரசியல் சட்டத்திலேயே உச்சவரம்பு போட்டார்கள். கவுண்டிகளால் சாலை போட முடியாமல் போகவே 1933-ல் மாநில அரசு எல்லாக் கவுண்டிச் சாலைகளையும் எடுத்துக்கொண்டது. இன்றும் மலைக்குள் ஒரு பாலம் உடைந்தால் மாநிலத் துறை வந்துதான் சரிசெய்ய வேண்டும்.

1858-ல் டேஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரித்து உருவாக்கியது இது. வர்ஜீனியா ஆளுநராக இருந்த ஜேம்ஸ் மெக்டவல் பெயரை வைத்தார்கள். 1863-ல் வெஸ்ட் வர்ஜீனியா தனி மாநிலமானபோது அதோடு வந்துவிட்டது. தலைநகர் வெல்ச்.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

1880-களின் கடைசியில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்பாதை எல்க்ஹார்ன் பள்ளத்தாக்குக்குள் வந்தது. அதற்கு முன் அங்கே இருந்ததெல்லாம் மலைக் காணிகள், சோளக்கொல்லைகள். ரயில் வருவதற்கு முன்பே தரகர்கள் வந்து நிலத்தையும் நிலத்தடி உரிமையையும் வாங்கிப் போட்டுவிட்டார்கள். பொகஹொன்டாஸ் நிலக்கரி என்று உலகப் பெயர் பெற்ற சரக்கு அது. புகை குறைவு, சூடு அதிகம், எஃகு ஆலைக்கான கோக் (சுட்டெடுத்த கரி) செய்வதற்கு அருமையானது. கடற்படைக் கப்பல்களும் அதைக் கேட்டு வாங்கின.

அப்புறம் கம்பெனி ஊர்கள் முளைத்தன. யூ.எஸ். ஸ்டீல் கேரி என்ற ஊரையும் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் கட்டியது. ஊர்ப் பெயரே கம்பெனித் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயர். இப்படிப்பட்ட ஊர்களில் வீடு கம்பெனியுடையது. கடை கம்பெனியுடையது. டாக்டர் கம்பெனி அமர்த்தியவர், அவருக்கான பணம் சம்பளத்தில் பிடிக்கப்படும். தண்ணீர்த் தொட்டியும் குழாயும் கம்பெனி போட்டவை. பல சுரங்கங்களில் கூலியின் ஒரு பகுதியை கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் உலோக வில்லைகளாகவே கொடுத்தார்கள்.

ஒரு கவுண்டி அரசு செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை சுரங்க முதலாளிகள் செய்தார்கள், சுரங்கம் ஓடும்வரைக்கும். அதனால் அந்த வேலைகளைச் செய்யும் பொது அமைப்பு அங்கே வளரவே இல்லை. சுரங்கத்தை மூடியவர்கள் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றுவிட்டுப் போனார்கள். குழாயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். அது யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்கு இன்றுவரை அங்கே முழுசாகப் பதில் இல்லை. மெக்டவலின் கஷ்டத்தை வெறும் வேலையின்மை என்று எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மார்ச் 4

"அப்படியென்றால் புதுக் குழாய் போட்டுவிட வேண்டியதுதானே, அமெரிக்காவில் பணமா இல்லை?" என்கிறார் இன்னொருவர்.

நூறு வீடுள்ள ஒரு அபார்ட்மெண்டில் எண்பது வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டால் என்ன ஆகும்? லிஃப்டும் மோட்டாரும் அதே அளவுதான். பராமரிப்புச் செலவு முழுதும் மீதி இருபது வீட்டின் தலையில் விழும். மெக்டவலில் அதுதான் நடந்திருக்கிறது. குழாயின் நீளம் தலைக்கணக்கோடு சேர்ந்து குறையாது. அதுவும் மலைநாடு. வீடுகள் ஓடையோரமாக மைல்கணக்கில் ஒற்றை வரிசையில் நீள்கின்றன. ஒரு மைல் குழாய் தோண்டிப் போட்டால் பத்து வீட்டுக்குத்தான் இணைப்பு.

கவுண்டிப் பொதுச்சேவை வட்டம் என்று ஒன்று இருக்கிறது. பழைய கம்பெனிக் குழாய்களை ஊர் ஊராகக் கையில் எடுத்து மாற்றிக்கொண்டு வருகிறது. மத்திய, மாநில மானியங்களையும் கடனையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு ஊரும் நடக்கிறது, அதனால் மெதுவாக நடக்கிறது. கீஸ்டோன் ஊரில் "கொதிக்க வைத்துக் குடிக்கவும்" என்ற அறிவிப்பு வருஷக்கணக்கில் நீடித்தது. அந்த அறிவிப்போடு பள்ளியில் சேர்ந்த குழந்தை அந்த அறிவிப்போடே உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் அளவுக்கு.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சாலையோரப் பாறையில் ஒரு பிவிசி குழாயைச் செருகியிருந்தார்கள். மலையூற்றுத் தண்ணீர் விரல் தடிமனில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், பிக்கப் வண்டியின் பின்பக்கம் முழுக்கக் காலி பால் கேன்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து, மூடியை இரண்டு தடவை திருகிப் பார்த்து, வண்டியில் சாய்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தூக்கிக் கொடுத்தேன். வீட்டில் குழாய் இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்கிறது, அது துணி துவைக்க" என்றார். குழாய்த் தண்ணீரில் துவைத்தால் வெள்ளைத் துணி பழுப்பாகிவிடும் என்பதால் வெள்ளை வாங்குவதையே விட்டுவிட்டாராம். பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் பொறுமையாக முறைக்குக் காத்திருந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

கழிவுநீர் இதைவிட மோசம். பல வீடுகளிலிருந்து குழாய் நேராக ஓடைக்குப் போகிறது. செப்டிக் தொட்டி போடலாமே என்றால், பாறைக்கும் ஓடைக்கும் நடுவே தொட்டி தோண்ட இடமில்லாத வீட்டுமனைகள் அவை.

மார்ச் 4, பின்னிரவு

இன்னொன்று விட்டுப்போயிற்று. நிலம்.

கவுண்டியின் நிலத்தில் பெரும்பகுதி வெளியூர்க் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. 1901-லேயே ரயில் கம்பெனி பெரும் நிலக்கரி நிலங்களை மொத்தமாக வாங்கித் தன் துணை நிறுவனத்தின் பெயரில் வைத்துக்கொண்டது. சுரங்கம் நடத்தியவர்களில் பலர் வாடகைதாரர்கள்தான். வேறு தொழில் தொடங்க நினைக்கிறவருக்குச் சமதளம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் விற்பனைக்கு இருக்காது. "ஏன் வேறு தொழில் வரவில்லை" என்ற கேள்விக்கு, சாலையைச் சொல்வதற்கு முன்னால் நான் நிலத்தைத்தான் சொல்வேன். கவுண்டிக்குள் இன்டர்ஸ்டேட் சாலை, அதாவது மாநிலங்களை இணைக்கும் பெரிய நெடுஞ்சாலை, எதுவும் நுழையவில்லை என்பதும் உண்மைதான்.

மார்ச் 6

உணவுக் கூப்பன் பேச்சு வந்துவிட்டது. "அரசு கொடுத்துக் கொடுத்துத்தான் அவர்கள் கெட்டுப்போனார்கள்" என்று எழுதியவருக்கு.

வரிசையைத் திருப்பிப் போடாதீர்கள். 1960 மே மாதம், ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதற்கான வெஸ்ட் வர்ஜீனியா உட்கட்சித் தேர்தலில் ஹ்யூபர்ட் ஹம்ப்ரியை எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் கென்னடி இந்தச் சுரங்க ஊர்களில்தான் சுற்றினார். இருபத்தேழாயிரம் பேர் வெளியேறிய பத்தாண்டின் கடைசி அது. வேலை இழந்த குடும்பங்கள் அரசின் உபரி மாவையும் பால்பொடியையும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். பதவியேற்றதும் போட்ட முதல் நிர்வாக ஆணை, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உணவு வழங்கலைக் கூட்டச் சொன்னது. அந்த வருஷமே உணவுக் கூப்பன் முன்னோட்டத் திட்டம். 1961 மே 29 அன்று வெல்ச்சில், வேளாண்மைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமன் முன்னிலையில் அந்தத் திட்டத்தின் முதல் கூப்பன்களைப் பெற்றது மெக்டவல் கவுண்டியின் பெய்ன்ஸ்வில்லைச் சேர்ந்த ஒரு குடும்பம். வீட்டில் பதினைந்து பேர். 95 டாலர் கூப்பன். அதைக் கொண்டு முதலில் வாங்கியது பன்றி இறைச்சி கலந்த பீன்ஸ் டப்பா ஒன்று.

அந்தக் கூப்பன்கள் இலவசமும் அல்ல. அந்தக் காலத்தில் குடும்பம் தன் கைப்பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டும், கொடுத்ததைவிடக் கூடுதல் மதிப்புக்குக் கூப்பன் கிடைக்கும். முன்பணம் கட்டும் விதி 1977 சட்டத்தில்தான் போயிற்று.

வேலை முதலில் போயிற்று, உதவி பிறகு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் பிந்தி வந்தது.

மார்ச் 6

"கென்னடிதான் உணவுக் கூப்பனைக் கண்டுபிடித்தார்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 1939-ல் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் தொடங்கி 1943 வரை ஒரு திட்டம் ஓடியது. போர்க்காலத்தில் வேலை பெருகியதும் நிறுத்திவிட்டார்கள். 1961-ல் நடந்தது இரண்டாம் தொடக்கம். இன்றைய திட்டம் இதன் வழி வந்தது.

மார்ச் 8

கறுப்பின மக்கள் அங்கே இருந்தார்களா என்ற கேள்விக்கு நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த மலைப்பகுதி என்றாலே வெள்ளை ஏழைகள் என்ற ஒரு படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது.

சுரங்கம் உச்சத்தில் இருந்தபோது கவுண்டியில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். வர்ஜீனியா, அலபாமா பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களோடு ஹங்கேரியர்கள், இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள். பள்ளிகள் தனித்தனிதான். ஆனால் தெற்கு மாநிலங்களைப் போல் வெஸ்ட் வர்ஜீனியா கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறிக்கவில்லை. அந்த ஓட்டுக்கு மெக்டவலில் பலம் இருந்தது. கீஸ்டோனிலிருந்து மெக்டவல் டைம்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகை பல பத்தாண்டுகள் வந்தது. 1928-ல் மினி பக்கிங்ஹாம் ஹார்ப்பர் தன் கணவர் இறந்ததால் காலியான சட்டமன்ற இடத்துக்கு நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் கறுப்பினப் பெண் அவர். அதே வருஷம் கிம்பலில், முதல் உலகப்போரில் சேவை செய்த கறுப்பின வீரர்களுக்காக நினைவு மண்டபம் திறந்தார்கள். 1991-ல் தீயில் எரிந்து வெறும் சுவராக நின்றதை உள்ளூர்க்காரர்கள் விடாமல் முயன்று மறுபடி கட்டினார்கள். வாசலில் நான்கு பெரிய தூண்கள். முன்னால் சாலை, பின்னால் மலை. நான் போன அன்று உள்ளே ஒரு கல்யாண வரவேற்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரம் வந்தபோது முதலில் வேலை போனதும் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்களுக்கே. கையால் அள்ளும் வேலையில்தான் அவர்கள் அதிகமாக இருந்தார்கள். இயந்திரம் ஓட்டும் வேலை அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. இப்போது கவுண்டியில் பத்து சதவீதத்துக்கும் கீழே.

மார்ச் 8

நீதிமன்றப் படிக்கட்டில் நடந்த கொலை வெல்ச்சில்தானா என்று கேட்டவருக்கு: ஆமாம், அதே இடம்தான். 1921 ஆகஸ்ட் 1 அன்று தொழிலாளர்கள் பக்கம் நின்ற மேட்வான் ஊர்ப் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டும் அவர் நண்பர் எட் சேம்பர்ஸும் வழக்குக்காக வெல்ச் வந்து, மனைவியரோடு படியேறிக்கொண்டிருந்தபோது சுரங்க முதலாளிகள் அமர்த்திய பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் துப்பறியும் ஏஜென்சியின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். தண்டனை யாருக்கும் இல்லை. அந்தக் கோபத்தில்தான் அந்த மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு பிளேர் மலைக்கு நடந்தார்கள். சங்கம் சேருவதற்கே உயிர் கொடுக்க வேண்டியிருந்த ஊர்க்காரர்களைச் சோம்பேறி என்று எழுதுகிறவர்கள் அந்தப் படிக்கட்டில் ஒருமுறை ஏறிவிட்டு வரட்டும்.

மார்ச் 11

பள்ளிக்கூடங்கள்.

நார்த்ஃபோர்க் என்ற சின்ன ஊர். அதன் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணி 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு வருஷம் மாநிலக் கோப்பையை வென்றது. நாட்டில் வேறெந்தப் பள்ளியும் அப்போது செய்திராத காரியம். 1985-ல் அங்கே உயர்நிலை வகுப்புகளை மூடிவிட்டார்கள். கோப்பை வாங்கிக் கொடுக்கப் பையன்கள் இருந்தார்கள், வகுப்பை நிரப்பத்தான் போதவில்லை. இப்போது கவுண்டி முழுவதற்கும் இரண்டே உயர்நிலைப் பள்ளிகள். வெல்ச் பக்கம் மவுண்ட் வியூ, பிராட்ஷாவில் 2010-ல் திறந்த ரிவர் வியூ. வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் பஸ்ஸில் மாணவர்கள் கழிக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

2001-ல் மாநில அரசு கவுண்டிப் பள்ளி நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு 2013-ல்தான் திருப்பிக் கொடுத்தது. பெரிய பிரச்சினை ஆசிரியர் கிடைக்காதது. சம்பளம் ஒரு காரணம், வீடு கிடைக்காதது இன்னொரு காரணம். காலி வீடுகள் எங்கு பார்த்தாலும் உண்டு, குடியிருக்கத் தகுந்தவை இல்லை. அதனால் ஆசிரியர் சங்கம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து தொடங்கிய ரீகனெக்டிங் மெக்டவல் முயற்சி, வெல்ச் ஊர் நடுவில் ஆசிரியர்களுக்காக அடுக்குமாடிக் குடியிருப்பே கட்டியது. பள்ளியை நடத்த வீடு கட்ட வேண்டியிருந்தது. ஒரு சேவை அறுந்தால் அதோடு கட்டியிருக்கும் மற்றவையும் எப்படி அறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மெர்சரில் இருக்கும் டாக்டர் அண்ணன் போன் செய்தார். "ஆஸ்பத்திரியை விட்டுவிட்டாயே" என்றார்.

1899-ல் மாநிலச் சட்டமன்றம் சுரங்க விபத்துகளுக்கென மூன்று ஆஸ்பத்திரிகள் கட்ட முடிவு செய்தது. அதில் ஒன்று வெல்ச்சுக்கு வந்தது. இன்றைய வெல்ச் கம்யூனிட்டி ஆஸ்பத்திரி அதன் வழி வந்ததுதான். அந்தக் கவுண்டியில் சுரங்க விபத்து என்பது சாதாரண வார்த்தை அல்ல. 1940 ஜனவரி 10 அன்று பார்ட்லி சுரங்க வெடிப்பில் மட்டும் 91 பேர் இறந்தார்கள்.

அண்ணன் வந்தது ஜே-1 விசா விலக்கில். வெளிநாட்டு டாக்டர்கள் இங்கே மேற்படிப்பு முடித்ததும் ஊர் திரும்ப வேண்டும், டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருஷம் வேலை செய்தால் அந்த நிபந்தனை தளரும். இந்த மலைப்பகுதிச் சுரங்க ஊர்களில் 1970-களிலிருந்தே இந்திய டாக்டர்கள் நிறையப் பேர் இருப்பது இப்படிப்பட்ட வழிகளால்தான். பலர் மூன்று வருஷம் முடிந்ததும் பெருநகரம் போய்விடுவார்கள். அண்ணன் போகவில்லை. அவரிடம் வருகிறவர்களில் ஐம்பது வயதைத் தாண்டாத சுரங்கத் தொழிலாளர்களுக்கே கருநுரையீரல் நோய் முற்றிய நிலையில் இருக்கிறது. மெல்லிய படிவங்களை வெட்டும்போது நிலக்கரியோடு பாறையும் அரைபடுகிறது, அந்தச் சிலிக்கா தூசி நுரையீரலை வேகமாகக் கெடுக்கிறது என்று விளக்கினார். படிக்கட்டு ஏறச் சொன்னால் மூன்றாம் படியில் சுவரைப் பிடித்து நின்றுவிடுவார்களாம்.

2010 கணக்குப்படி மெக்டவல் ஆண்களின் சராசரி ஆயுள் 64 வருஷம். நான் குடியிருக்கும் ஃபேர்ஃபாக்ஸில் 82. நடுவில் சுமார் 350 மைல், காரில் ஒரு பகல். மைலுக்கு இத்தனை நாள் என்று ஆயுள் குறைவதாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், அந்தச் சாலையில் ஓட்டும்போது அது மனதை விட்டுப் போவதே இல்லை.

வலி மாத்திரைக்கு மக்கள் அடிமையான விஷயம் தனி இழைக்கு உரியது. ஒன்று மட்டும்: மருந்து விநியோக நிறுவனங்கள் மேல் 2016 டிசம்பரில் இந்தக் கவுண்டிக் கமிஷன் வழக்குப் போட்டது. பெரிய கவுண்டிகளுக்கெல்லாம் முன்னால் இவர்கள் போட்டார்கள்.

மார்ச் 13

"19,111 என்பதாவது சரியா?" நல்ல கேள்வி.

எண்ணிக்கை சரி, ஆனால் அதற்குள் மத்தியச் சிறைக் கைதிகளும் உண்டு. வெல்ச் பக்கத்தில் 2010 வாக்கில் மத்தியச் சிறை ஒன்று செயல்படத் தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கைதியை அவர் அடைபட்டிருக்கும் இடத்திலேயே எண்ணுவார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களைக் கழித்தால் வீடு வைத்து வாழ்கிறவர்கள் இன்னும் குறைவு. சிறையால் வேலை கிடைத்தது உண்மை. அதில் எவ்வளவு பேர் மலைக்கு வெளியிலிருந்து தினம் வண்டியோட்டி வருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 13

கவுண்டியில் இருந்த வால்மார்ட் பல்பொருள் கடை 2016 ஜனவரியில் மூடப்பட்டது. கிம்பலில் இருந்தது. சம்பளம் மட்டும் போகவில்லை, பக்கத்து உணவு வங்கிக்கு அந்தக் கடை கொடுத்துவந்த உணவும் நின்றது.

கவுண்டியின் ஒரே செய்தித்தாள் வெல்ச் நியூஸ் 2023 மார்ச்சில் நின்றது. குடிநீர் எச்சரிக்கை, கமிஷன் கூட்டம், இறப்புச் செய்தி எல்லாம் அதில்தான் வரும். இணைய வசதி சரியாக இல்லாத இடத்தில் காகிதம் நின்றுபோவது எத்தனை பெரிய இழப்பு என்பதை நகரத்தில் இருந்துகொண்டு உணர முடியாது.

மார்ச் 16

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார்: "எல்லாம் சரி. ஆனால் 2001-ல் வெள்ளம், 2002-ல் வெள்ளம், இந்த பிப்ரவரியிலும் வெள்ளம், மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். மறுபடி மறுபடி அதே இடத்தில் வீடு கட்டிக் கொடுப்பது நியாயமா?"

இந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன், இது வேறு கேள்வி. ஓடைக்கு இரண்டு முழம் தள்ளி இருக்கும் வீட்டை மறுபடி அதே இடத்தில் கட்டுவது சரியில்லை. 2002-க்குப் பிறகு சில இடங்களில் அரசுப் பணத்தில் வீடுகளை வாங்கி இடித்துமிருக்கிறார்கள். வெள்ளத்துக்கு மழை மட்டும் காரணமில்லை. மலையில் மரம் வெட்டியதும் மேல்மண்ணைப் புரட்டியதும் சேர்ந்து, பெய்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் சில மணி நேரத்திலேயே கீழே வந்துவிடுகிறது.

ஆனால் "இடம் மாற்று" என்று சொல்கிறவர் மாறுவதற்கு இடம் காட்ட வேண்டும். மேடான சமதளம் நிலக் கம்பெனிகளிடம் இருக்கிறது. வீட்டை விற்றால் பக்கத்து கவுண்டியில் ஒரு வருஷ வாடகைக்கும் வராது. மிச்சமிருப்பவர்களில் முதியவர்கள் அதிகம். 2014 வாக்கில் கவுண்டியின் மொத்தத் தனிநபர் வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ஓய்வூதியம், ஊனத் தொகை, உணவு உதவி போன்ற அரசுப் பணம்தான். இவர்களை வேறு ஊருக்கு அனுப்பினால் அந்தச் செலவும் இவர்களோடே அந்த ஊருக்குப் போகும். மூடினால் மிச்சம் என்ற கணக்கு இங்கே நிற்கவில்லை. அவரவர் கவுண்டிக்குள்ளேயே, அந்த மேட்டு நிலத்தில் கொஞ்சத்தை அரசு வாங்கிக் கொடுத்து, அங்கே குழாயும் போட்டுக் கொடுத்தால் போதும். என் கோரிக்கை அவ்வளவுதான். இந்த நாட்டின் எஃகும் கப்பலும் ரயிலும் அந்த மலையைத் தோண்டி எடுத்ததில் ஓடின. ஒரு குடிநீர்க் குழாயைக் கேட்பது அதிகமில்லை.

மார்ச் 17

தேர்தல் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2008-ல் ஒபாமா அங்கே வென்றார், 2016-ல் டிரம்ப் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வாங்கினார். இரண்டையும் ஒரே மக்கள்தான் செய்தார்கள். அதற்கு மேல் இந்த இழையில் கட்சி பேசப்போவதில்லை.

மார்ச் 21

வழி கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வர்ஜீனியாவில் இன்டர்ஸ்டேட் 81-ல் தெற்கே வந்து இன்டர்ஸ்டேட் 77-க்கு மாறி, புளூஃபீல்டில் இறங்கி யூஎஸ் 52 சாலையைப் பிடியுங்கள். டேங்கை அங்கேயே நிரப்பிவிடுங்கள். அதற்கு மேல் வளைவுச் சாலை, எதிரே நிலக்கரி லாரி வரும், போனில் சிக்னல் பல இடங்களில் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். நார்த்ஃபோர்க், கீஸ்டோன், கிம்பல், வெல்ச் எல்லாம் அடுத்தடுத்து வரும். வெல்ச்சில் 1941-ல் நகராட்சியே கட்டிய மாடி வாகன நிறுத்தம் இருக்கிறது, ஒரு காலத்தில் சனிக்கிழமை ராத்திரி அந்த ஊரில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதற்கு அது சாட்சி. வெள்ளச் சேதம் இன்னும் முழுசாக அள்ளப்படவில்லை, கமிஷன் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர்ப் பெட்டிகள் கொண்டுபோனால் கிம்பல் உணவு வங்கியில் இறக்கலாம். ஒரு காலன் கேன்களாக வாங்குங்கள், சின்ன பாட்டில் வேண்டாம், சமைக்கவும் அதைத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது.